மதகு திறக்கப்படும்

துளசிராமன் என்று பெயர் சொல்லித் தேடிக்கொண்டு வந்தால் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். எச்சரிக்கை அண்ணன் என்று கேட்டால் போதும், ஆட்டோக்காரர் வண்டியிலேயே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். அந்தப் பெயரை வாங்க மனிதனுக்கு நாற்பத்தாறு வயதாகியிருந்தது. அதற்கு முன் இருபது வருடம் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தான். அப்போது அவனை யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் செய்தியைக் கையால் எழுதிக் கவரில் போட்டு, சாயங்கால எலக்ட்ரிக் டிரெயினில் சென்னைக்குப் போகிற தெரிந்த முகம் யாரிடமாவது கொடுத்தனுப்புவான். மறுநாள் ஏழாம் பக்கத்தில் நாலு வரி வந்தால் அன்றைக்கு அவனுக்கு நாஷ்டா இறங்காது, அவ்வளவு சந்தோஷம். பிறகு ஊரில் பேப்பர் படிப்பது நின்றுபோனது. டீக்கடையில் பேப்பர் வாங்கத்தான் செய்தார்கள், பஜ்ஜியில் எண்ணெய் பிழிய. செய்தி எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. துளசிராமனும் பின்னாலேயே போனான். 'கும்முடி எக்ஸ்பிரஸ்' என்று ஒரு பக்கம் தொடங்கினான்.

தொடங்கின புதிதில் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டான். ஒரு கால்வாயில் கறுப்புத் தண்ணீர் ஓடுவதை எட்டு மாதம் துரத்தித் துரத்தி எடுத்துப் போட்டான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதே வாரம் ஏடிஎம்முக்குள் பாம்பு புகுந்ததைப் போட்டான். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். இத்தனைக்கும் அது செத்த பாம்பு. எவன் துடைப்பத்தால் அடித்து உள்ளே தள்ளியிருந்தானோ.

அன்றிலிருந்து துளசிராமன் செய்தியைத் தேடுவதை விட்டுவிட்டு, இந்த வாரம் எந்தச் சத்தம் ஓடுகிறது என்று தேட ஆரம்பித்தான். ஊரெல்லாம் ஒரு குத்துப்பாட்டு ஓடினால், லாரி கவிழ்ந்த செய்தியையும் அந்தப் பாட்டின் மேல்தான் ஏற்றினான். முதல் தடவை கை கூசியது. இரண்டாவது தடவை கூசவில்லை. மனிதக் கை எல்லாவற்றுக்கும் சீக்கிரம் பழகிக்கொள்கிறது, அதுதான் அதனிடம் உள்ள கோளாறு.

வீடு நாவல்பேட்டில். ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஒரு தரைப்பாலம் உண்டு, கைப்பிடிச் சுவர் கிடையாது. வெயில் காலத்தில் அதன் மேல் நெல் காய வைப்பார்கள், மழைக்காலத்தில் அதன் மேல் தண்ணீர் ஓடும். கணுக்கால் வரை ஓடினால் ஊரில் யாரும் அதைத் தண்ணீர் என்றே சொல்ல மாட்டார்கள். அவன் மனைவி திலகவதி தொழிற்பேட்டையில் காருக்கு ஒயர் கோக்கிற கம்பெனியில் முதல் ஷிஃப்ட். தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு ஸ்கூட்டியில் கிளம்பி, அந்தப் பாலத்தைக் கடந்து, மெயின் ரோட்டில் ஆறு பத்துக்கு வரும் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பாள். பதினோரு வருடமாக ஒரு நாள் தவறாமல் அந்த பஸ்ஸைப் பிடித்தவள். ஒரே ஒரு நாள் தவறவிட்டாள். அது அவன் செய்த காரியம்.

அதைச் சொல்வதற்கு முன் பரத்தைச் சொல்ல வேண்டும். பரத் மீஞ்சூர்ப் பையன், இருபத்தெட்டு வயது, கடைகளுக்கு விளம்பர வேலை பார்க்கிறவன். விளம்பரம் என்ற வார்த்தையை அவன் சொல்ல மாட்டான். கன்டென்ட் என்பான். நல்ல பையன்தான். அவன் ஒரு நாள், டவுனில் துளசிராமன் வேலை பார்த்து பாதி ராத்திரி அங்கேயே தங்கிவிடுகிற அறைக்கு வந்து, ஜனங்கள் விளம்பரம் என்று தெரிந்த நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள், செய்தி என்று நினைத்தால் மட்டும் நின்று கேட்கிறார்கள், அதனால் இனிமேல் விளம்பரம் செய்தி வேஷத்தில்தான் வர வேண்டும் என்று விளக்கினான். "உங்க வாய்ஸ்தாண்ணே பிராண்டு. நீங்க பேசினா பேப்பர் படிக்கிற மாதிரியே கீது" என்றான். இருபது வருடம் பேப்பரில் குப்பை கொட்டிய மனிதனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. துளசிராமன் விழுந்துவிட்டான்.

நெடுஞ்சாலையில் ஒரு புது பிரியாணிக் கடை. அதிகாலை ஐந்து மணிக்கே பிரியாணி போடுகிற மோகம் இந்தப் பக்கம் பரவிய நேரம். கடைக்கு 'மதகு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏரித் தண்ணீர் மாதிரி பிரியாணி பாய்ந்து வருமாம். துளசிராமன் அந்தப் பெயரைக் கேட்டதும் விளம்பரம் தானாகவே வாயில் வந்தது. ஆற்றங்கரையில் பிறந்தவன் அல்லவா. கார்த்திகை மாதம் பிறந்தால் அரசாங்கம் என்ன சொல்லி எச்சரிக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். எத்தனை வருடம் அதே வரிகளை எழுதிக் கவரில் போட்டிருக்கிறான். ஒரு தொழிற்சாலையின் ஷிஃப்ட் சங்கைப் பதிவு செய்து முன்னால் வைத்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினான்:

"கரையோர மக்கள் கவனத்துக்கு. அதிகாலை ஐந்து மணிக்கு மதகு திறக்கப்படும். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் உடனடியாக மேடான பகுதிக்கு வரவும்."

மேடான பகுதி என்றால் நெடுஞ்சாலை மேம்பாலத்தை ஒட்டிய கடை. ஆனால் அது வீடியோவின் கடைசியில்தான் தெரியும். கும்முடி எக்ஸ்பிரஸில் போடுவதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று குரலை மட்டும் திலகவதிக்கு அனுப்பினான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாவல்பேட்டில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. தரைப்பாலத்தின் தலைமாட்டில், மின்கம்பத்துக்குக் கீழே வந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். ஊரே அங்கே நின்றுதான் போன் பேசும். திலகவதியும் காலையில் அங்கே ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி, இரவெல்லாம் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பாலத்தில் இறங்குவாள். அன்றைக்குக் காலை அங்கே நின்று சங்கையும் புருஷன் குரலையும் கேட்டவள், வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். ரேஷன் கார்டையும் மகளின் சர்டிபிகேட்டுகளையும் பையில் கட்டி, மாட்டை அவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜெகனை எழுப்பி, தெருவையே எழுப்பி விட்டாள். பஸ் போய்விட்டது. விஷயம் தெரிந்தபோது துளசிராமனை அவள் திட்டாத திட்டு பாக்கி இல்லை. எல்லாம் திட்டி முடித்த பிறகு அவளுக்கே சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இனிமே நீ எத்த சொன்னாலும் நான் அசைய மாட்டேன் மாமா. ஒரு வாட்டி பேஜாரானது போதும்."

துளசிராமனுக்கு அவள் பயந்ததுதான் பெரிய சான்றிதழாகத் தெரிந்தது. திலகாவே பயந்தால் தாலுகாவே பயப்படும் என்று கணக்குப் போட்டான். கணக்கு சரியாகவே இருந்தது. விளம்பரம் ஒன்பது லட்சம் பேரைத் தொட்டது. கடை திறந்த அன்று வரிசை சர்வீஸ் ரோடு வரை நின்றது.

அதற்குப் பிறகு இருவருக்கும் அது ஒரு வழக்கமாகிப் போனது. எந்த விளம்பரமானாலும் முதலில் குரல் திலகவதிக்குப் போகும். அவள் பாலத்தின் தலைமாட்டில் நின்று கேட்டுவிட்டு, குரலிலேயே பதில் அனுப்புவாள். பயம் பத்தல. நடுவுல இழுக்குது. சங்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஊதட்டும். எட்டாவது வரை படித்த அந்தப் பெண்ணுக்கு எது ஜனங்களின் வயிற்றைக் கலக்கும் என்பது பரத்தைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. சில நாள் அவள் பதிலுக்காகவே அவன் காலையில் கண் விழித்தான். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவர்கள் அந்த இரண்டு மாதம் பேசிச் சிரித்த மாதிரி எப்போதும் பேசிச் சிரித்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சங்கு ஊர் முழுக்கப் பரவியது. பல் டாக்டர், பர்னிச்சர் கடை, பியூட்டி பார்லர், எல்லோரும் மதகு திறந்தார்கள். பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடை, கரையோர மக்களுக்குக் கரை வைத்த புடவை பாதி விலை என்றது. ரிங்டோன் வைத்தார்கள். கல்யாண வீட்டில் பந்தி திறக்கும்போது போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டால் ஜனங்களுக்குப் பயம் வருவதில்லை, எங்கே என்ன தள்ளுபடி என்று கழுத்தைத் திருப்பினார்கள்.

மேல் ஏரியில் மதகைப் பார்த்துக்கொள்கிற சின்னராசு மட்டும் சிரிக்கவில்லை. பழைய சிநேகிதன். செய்திக்காகத் தண்ணீர் மட்டம் கேட்டு துளசிராமன் வருடா வருடம் அவனுக்குத்தான் போன் போடுவான். டீக்கடையில் பார்த்தபோது, நாளைக்கு நாங்கள் நிஜமாகத் திறந்தால் ஜனங்களிடம் என்ன சொல்வது என்று கேட்டான். துளசிராமன் அவன் தோளில் தட்டினான்.

"அதையும் நான்தான்யா சொல்வேன். என் வாயால வந்தாத்தான் ஜனம் கேக்கும்."

மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடிகாலை மதகு பிரியாணியின் இரண்டாவது கிளை திறப்பு. அதற்காக முந்தின நாள் மாலையே துளசிராமன் டவுனுக்கு வந்து, ஸ்டேஷன் பக்கத்து அறையில் தங்கிவிட்டான். கிளம்பும்போது, பாலத்தில் கணுக்காலுக்கு மேல் ஓடுகிறது, நாளைக்கு லீவு போடு என்று திலகவதியிடம் சொன்னான். லீவு போட்டால் கம்பெனியில் வேறு லைனுக்கு மாற்றிவிடுவார்கள், நின்று பார்த்துவிட்டு இறங்குகிறேன், நான் என்ன சின்னப் பிள்ளையா என்றாள். சொல்லிவிட்டு, நாளைக்குக் கேட்டுப் பார்க்க டிரயல் குரல் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றான்.

காலை ஐந்து மணிக்கு கடை வாசலில் முந்நூறு பேர் குடையோடு நின்றார்கள். ஷிஃப்ட் போகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்தவர்கள், ரீல் எடுப்பதற்காகவே வந்தவர்கள். பரத் கேமராவை நிறுத்தியிருந்தான். துளசிராமன் மைக்கைக் கையில் எடுத்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சின்னராசு.

"நாலு மதகும் தூக்கியாச்சுடா. மேல பேய் மழை, ஏரி தாங்கல. ஆறு மணிக்கு முன்னாடி உங்க தரப்பாலத்தாண்ட வந்துரும். நாலு மணிக்கே எல்லா குரூப்லயும் மெசேஜ் போட்டாங்க. எல்லாம் சிரிச்சி பொம்ம போட்டுக்கினு கீறானுங்க. எந்தக் கடைன்னு கேக்கறானுங்கடா."

துளசிராமன் மைக்கை இறக்கினான். உடனே திலகவதிக்குப் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. அவள் அப்போது வீட்டுக்குள் இருக்கிறாள், டப்பாவில் சோறு கட்டிக்கொண்டிருப்பாள். ஜெகனுக்குப் போட்டான். அதே பெண் அதே பதிலைச் சொன்னாள். நாவல்பேட்டில் யாருக்குப் போட்டாலும் அந்தப் பெண்தான் பேசுவாள்.

எதிரே முந்நூறு பேர். பாதிப் பேர் ஆற்றங்கரைக்காரர்கள். மைக் கையில் இருக்கிறது. அவன் பேசினான். ஏரி திறந்துவிட்டார்கள், தரைப்பாலத்துப் பக்கம் யாரும் போகாதீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றான். கூட்டம் ஹோ என்று கத்தியது. அண்ணன் ஆரம்பித்துவிட்டார் என்று பரத்துக்குப் புரிந்தது, அதாவது அவனுக்குப் புரிந்த விதத்தில் புரிந்தது. ஸ்பீக்கரில் சங்கைத் தட்டிவிட்டான்.

"நெஜமாத்தான் சொல்றேன்" என்று துளசிராமன் மைக்கில் சொன்னான். குரல் உடைந்தது. "நெஜமாத்தான் சொல்றேன்."

கூட்டமும் திருப்பிச் சொன்னது. நெஜமாத்தான் சொல்றேன். முந்நூறு போன்கள் அவனைப் பார்த்து உயர்ந்தன. முன் வரிசையில் நின்ற ஒருவன், லெக் பீஸ் உண்டா அண்ணே என்று கேட்டான். துளசிராமன் பரத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதுதான் அந்தப் பையனின் முகம் மாறியது. சங்கை நிறுத்தினான். அதற்குள் ஷட்டர் மேலே போய், பிரியாணி வாசனை வெளியே வந்து, கூட்டம் உள்ளே பாய்ந்துவிட்டது.

துளசிராமன் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி போனை வாயருகே பிடித்தான். மணி ஐந்து பதினெட்டு. கும்முடி எக்ஸ்பிரஸிலும் போட வேண்டும், குரூப்புகளுக்கும் போட வேண்டும், அவளுக்கும் போட வேண்டும். ஒரே மூச்சில் பேசி எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பிவிடலாம் என்று நினைத்தான். அவசரத்தில் வேறு எப்படி நினைப்பான். வாயைத் திறந்ததும் இரண்டு மாதமாக வந்து பழகிய வரிதான் வந்தது.

"கரையோர மக்கள் கவனத்துக்கு. மதகு தெறந்துட்டாங்க. யாரும் பாலத்துல எறங்காதீங்க. கையெடுத்துக் கும்புடறேன், யாரும் எறங்காதீங்க."

கடைசி வரியில் அழுகை வந்துவிட்டது. அப்படியே அனுப்பினான். பட்டியலில் முதல் பெயர் திலகா, எப்போதும் போல. பிறகு பைக்கை எடுத்தான்.

பதினான்கு கிலோமீட்டர். மழை முகத்தில் அறைந்தது. சர்வீஸ் ரோட்டில் குழி எது குட்டை எது என்று தெரியவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, அவசரமே இல்லாமல், எண்ணி எண்ணிப் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தது. போனை எடுத்தான். திலகாவிடமிருந்து ஒரு குரல் பதில், ஐந்து நாற்பத்து மூன்று. இப்போது மணி ஐந்து நாற்பத்தாறு. அப்பாடா, கேட்டுவிட்டாள் என்று அவனுக்கு உயிர் வந்தது. மழைக்கோட்டுக்குள் தலையை நுழைத்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டான்.

"மாமா, இன்னாய்யா இது, இந்த வாட்டி நெஜமாவே வயிறு கலங்கிப் போச்சு. கடசீல அழுவுற மாதிரி இழுத்தியே, அது சூப்பரு. ஒண்ணியும் மாத்தாத, இப்டியே போட்டுடு. சரி, எந்தக் கடைக்கு?"

அவள் குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம், அதற்கும் பின்னால் ஆறு. துளசிராமன் உடனே போன் போட்டான். மணி அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள். நாலு வருடத்துக்கு முன் ஒரு தரம் ஓட்டிக்கொண்டே எடுத்து விழுந்து முட்டி பெயர்ந்ததிலிருந்து எடுப்பதில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று அன்றைக்குச் சத்தியம் வாங்கினவன் அவன்தான். மறுபடி போட்டான். இந்தத் தடவை மணி அடிக்கவில்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது தரைப்பாலம் இல்லை. அந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு முழு வேப்பமரம் போனது, ஒரு வைக்கோல் போர் கலையாமல் அப்படியே போனது. அக்கரையில் மின்கம்பத்துக்குக் கீழே ஜெகனும் இன்னும் நாலைந்து பேரும் நின்று கையை ஆட்டிக் கத்தினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. இக்கரையில் நின்ற இருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஒருவன், அண்ணே லைவ் போடுங்கண்ணே என்றான். அவன் பேரில் கோபப்பட முடியவில்லை. இரண்டு மாதமாக ஊருக்கு அதைத்தானே கற்றுக்கொடுத்திருந்தான்.

ஸ்கூட்டி அன்று மாலை கிடைத்தது. திலகவதி மறுநாள், மூன்று கிலோமீட்டர் கீழே, நாணல் புதரில். சாப்பாட்டுப் பை இன்னும் தோளில் மாட்டியிருந்தது. போன் கிடைக்கவில்லை.

திருவள்ளூர் ஹாஸ்டலில் நர்சிங் படிக்கிற மகள் சுமலதா வந்தாள். எல்லாக் காரியமும் முடியும் வரை இருந்தாள். அப்பா அனுப்பிய குரலை ஜெகனின் போனில் வாங்கிக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற அன்றைக்கு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"திலகான்னு ஒரு தபா பேர சொல்லிக் கூப்ட்டிருக்கலாமேப்பா."

அந்த ஒரு வார்த்தை அவளுக்கு மட்டுமாக இருந்திருக்கும். அது எந்தக் கடைக்கும் பொருந்தாத வார்த்தை. மூன்று எழுத்து. அரை நொடி கூட ஆகாது.

பரத் வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதான். தான் போட்ட எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னான். நிஜமாகவே அழித்திருந்தான். ஆனால் முந்நூறு போன்களில் இருந்ததை யார் அழிப்பது. அந்த விடிகாலை துளசிராமன் மைக்கில் உடைந்துபோய்ச் சொன்ன 'நெஜமாத்தான் சொல்றேன்' தனியாகக் கழன்று ஓடத் தொடங்கியது. ஒரு மெத்தைக் கடை போட்டது. ஒரு டியூஷன் சென்டர் போட்டது. சேலத்தில் ஒருவன் நாய்க்குட்டியை வாயசைக்க வைத்துப் போட்டான். அதைப் போட்டவர்களில் ஒருவருக்கும் அது யாருடைய குரல், எதற்காக உடைந்தது என்பது தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருப்பார்களா என்று எனக்கும் தெரியாது. துளசிராமன் கும்முடி எக்ஸ்பிரஸை மூடினான். அதை மூடியதை யாரும் கவனிக்கவில்லை. அந்த வாரம் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள், துளசிராமன் பாலத்தின் தலைமாட்டில் நிற்கையில் சின்னராசு மறுபடி போன் செய்தான். மறுநாள் விடிகாலை திரும்பவும் திறக்கப் போகிறார்கள். தகவல் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஜனங்கள் மதிப்பார்களா தெரியவில்லை, உன் குரலில் ஒன்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஆபீசில் கேட்கிறார்கள் என்றான். துளசிராமன் வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

விடிவதற்கு முன் வீட்டில் இருந்த மாட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பாலத்தின் தலைமாட்டுக்குப் போனான். தண்ணீர் வடிந்து தரைப்பாலம் மறுபடி வெளியே தெரிந்தது, ஓரத்தில் மட்டும் இரண்டு கல் பெயர்ந்திருந்தது. மின்கம்பத்திலிருந்து எதிரே நின்ற பனைமரத்துக்கு இடுப்பு உயரத்தில் கயிற்றைக் கட்டினான். அதில் திலகவதியின் சிவப்புத் துப்பட்டா ஒன்றைத் தொங்கவிட்டான். கயிற்றுக்கு முன்னால் நின்றான்.

ஐந்தே காலுக்கு முதல் பைக் வந்தது. உள்ளூர் ஆள் இல்லை, உள்ளே தள்ளியிருக்கிற கிராமத்துப் பையன், கம்பெனி ஐடி கார்டு கழுத்தில் தொங்கியது. ஹெட்லைட்டை அணைக்காமல் காலை ஊன்றினான். துளசிராமன், தம்பி போகாதே, மேலே திறந்துவிட்டார்கள் என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் பையனின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவனுக்கு அந்தக் குரல் அவ்வளவு பழக்கம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கயிறும் துப்பட்டாவும் துளசிராமனும் சேர்ந்து தெரிகிற மாதிரி பிடித்தான்.

"எச்சரிக்கை அண்ணனா? செம செட்டப்புண்ணே. எந்தக் கடைக்கு?"

துளசிராமன் வாயைத் திறந்தான். நிஜமாகத்தான் என்று சொல்ல வந்தது, அதை விழுங்கிக்கொண்டான். எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது ஏற்கெனவே எங்கேயோ விற்றுப்போன வார்த்தையாக இருந்தது. இருபது வருடம் செய்தி எழுதியவனுக்கு, தண்ணீர் வருகிறது என்று ஒரு மனிதனிடம் சொல்ல வழி இல்லாமல் போயிற்று. தன் போனை எடுத்தான். பட்டியலின் தலையில் இன்னும் அவள் பெயர்தான் இருந்தது. ஐந்து நாற்பத்து மூன்றைத் தொட்டு, சத்தத்தை முழுதாக ஏற்றி, பையனின் காதுக்கு நேராக நீட்டினான்.

மாமா, இன்னாய்யா இது, என்று திலகவதி தொடங்கினாள். பையன் முதலில் சிரித்தான். வயிறு கலங்கிப் போச்சு என்றபோது சிரிப்பு பாதியில் நின்றது. தூக்கியிருந்த போனை மெதுவாக இறக்கினான். பின்னால் ஆறு இரைந்தது அந்தச் சின்னப் பெட்டிக்குள், இவர்களுக்கு முன்னால் இருந்த ஆறு இன்னும் சாதுவாகத்தான் ஓடியது.

"ஆத்துல போன அந்த அக்காவாண்ணே?" என்று கேட்டான்.

துளசிராமன் தலையை ஆட்டினான். பையன் வண்டியைத் திருப்பி, கொஞ்ச தூரம் போய் நின்று, வீட்டுக்கு யாருக்கோ போன் செய்தான்.

ஆறு மணிக்குள் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். எல்லோரும் அவன் குரலைக் கேட்டதும் சிரித்தார்கள். எல்லோருக்கும் அவன் போனை நீட்டினான். நடுவில் நிறுத்தினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்துபோனதால் ஒவ்வொரு தடவையும் கடைசி வரை ஓடவிட்டான். எந்தக் கடைக்கு என்று அவள் கேட்டு முடித்த பிறகுதான் ஒவ்வொருவரும் வண்டியைத் திருப்பினார்கள்.